‘நல்லா சாப்பிடுங்க’ என்பது எதுவரைக்கும்?

மதுரைப் பக்கத்தில் ஒருவர் பெரிய நோயிலிருந்து எழுந்துவிட்டதை ‘உடம்பு தேறிருச்சு’ என்று சொல்வார்கள். நோய் நீங்கியது என்ற பொருளும் கன்னத்தில் சதை பிடித்தது என்ற பொருளும் அந்தச் சொல்லில் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கின்றன. இளைத்துப்போவது நோயின் அடையாளம், பூசினாற்போல ஆவது நலத்தின் அடையாளம் என்பது காசநோயையும் பஞ்சத்தையும் கண்ட தலைமுறைகள் நமக்கு விட்டுச்சென்ற அறிவு. புற்றுநோயால் கண்ணெதிரே உருகிப்போனவர்களைப் பார்த்த குடும்பங்களில் அந்த அறிவு இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஆகவே, சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து ரிவியூவுக்கு வரும் ஒரு பெண்ணின் எடை ஏழு கிலோ கூடியிருந்தால், எடை மெஷினில் நிற்பவரும், துணைக்கு வந்தவரும், சீட்டில் எண்ணை எழுதும் செவிலியரும் ஒரே நேரத்தில் நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதியைக் கலைக்க மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கும் மனம் வருவதில்லை.

என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவை முடிந்து, கீமோ ஊசிகள் முடிந்து, கடைசியாகக் ‘கரண்ட்’ வைத்து முடித்த நாளில் நான் உடனிருந்தேன். கதிர்வீச்சைக் கரண்ட் என்று சொல்வதுதான் இங்கே வழக்கம். வீட்டுக்குக் கிளம்பும் முன் அவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன பத்தியம் இருக்கணும், டாக்டர்?” என்பது. “பத்தியமெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா. எல்லாம் சாப்பிடலாம். நல்லா சாப்பிடுங்க” என்றார் மருத்துவர். அன்றைக்கு அது பொருத்தமான பதில். ஆனால் முதலில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையுமாக அடுத்த நான்கு ஆண்டுகளில் நடந்த அத்தனை ரிவியூவிலும் அந்தப் பதில் மாறவில்லை. இதற்குள் சித்தியின் எடை 54 கிலோவிலிருந்து 66 கிலோவுக்குப் போயிருந்தது, சர்க்கரை வந்திருந்தது, மாடிப்படி ஏற முட்டி ஒத்துழைக்க மறுத்தது. அந்த அறிவுரைக்குத் தொடக்க நாள் ஒன்று இருந்தது, முடிவு நாளை யாரும் குறிக்கவில்லை என்பதுதான் என் மனத்தில் தங்கிய குறை. ஏன் குறிக்கவில்லை என்று தேடிப் படிக்கத் தொடங்கியபோது, கவனக்குறைவு என்ற ஒற்றைச் சொல்லில் அடக்க முடியாத காரணங்கள் பல தெரியவந்தன. அவற்றில் பாதி உலகத்து மருத்துவர்கள் எல்லோருக்கும் பொதுவானவை. மீதி நம் ஊருக்கே உரியவை.

முதலில் அந்த அறிவுரையின் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். கீமோ நடக்கும் மாதங்களில் குமட்டல், வாய்ப்புண், நாக்கு மரத்துச் சோறு மண்ணாகத் தோன்றுவது எல்லாம் சேர்ந்து நோயாளியைத் தட்டின் முன்னாலிருந்து எழுப்பிவிடுகின்றன. உடம்பு தாங்காவிட்டால் அடுத்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். தள்ளிப்போனால் சிகிச்சையின் பலன் குறையும். போதாக்குறைக்கு, சர்க்கரை புற்றை வளர்க்கும், பால் ஆகாது, முட்டை ஆகாது, பிராய்லர் கோழியால்தான் இது வந்தது என்று வாட்ஸ்அப்பிலும் பக்கத்துப் படுக்கையிலும் கிடைக்கும் செய்திகள் தட்டில் மிச்சமிருப்பதையும் அகற்றிவிடுகின்றன. பத்தியம் என்றாலே நம்மிடம் விலக்குவது என்றுதான் பொருள். ஒன்றை விலக்கச் சொன்னால் குடும்பம் பத்தை விலக்கிவிடும் என்பதை அனுபவத்தில் கண்ட மருத்துவர்கள், ஒன்றையும் விலக்க வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடுவதில் பெரிய பாதுகாப்பு இருக்கிறது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியும், சிகிச்சை நடக்கும்போது எடையைக் குறைக்கும் முயற்சிகளைப் பரிந்துரைக்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்றே சொல்கிறது. குணப்படுத்தும் நோக்குடன் சிகிச்சை பெறுவோருக்கு அந்த நாட்களிலேயே உடற்பயிற்சியைப் பரிந்துரைக்க வேண்டும் என்று அதே வழிகாட்டி சொல்வது வேறு விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

சிகிச்சை முடிந்தபின் கணக்கு மாறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், மிகைக் கொழுப்பு இல்லாமலிருப்பது 13 வகைப் புற்றுநோய்களின் அபாயத்தைக் குறைக்கிறது என்பதற்குப் போதுமான சான்று இருப்பதாக அறிவித்தது. மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகப் புற்றுநோய், கருப்பை உட்சுவர், பெருங்குடல், சிறுநீரகம், கணையம், பித்தப்பை ஆகியவற்றில் வருபவை அந்தப் பட்டியலில் உள்ளன. கருமுட்டை உருவாகும் சூலகம் ஓய்ந்த பிறகு, மார்பகப் புற்றைத் தூண்டக்கூடிய பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ஒரு பெண்ணின் உடம்பில் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. கொழுப்பு கூடக்கூட அதன் அளவும் கூடுகிறது. இன்சுலினும் உடம்பு முழுவதும் பரவும் மந்தமான அழற்சியும் அதனுடன் சேர்கின்றன. சித்தி போன்றவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. மாதவிடாய் நிற்காத வயதில் கீமோ எடுத்தால் பலருக்குச் சூலகம் முன்கூட்டியே ஓய்ந்துவிடுகிறது. குமட்டலைத் தடுக்க ஊசியோடு சேர்த்துத் தரும் ஸ்டீராய்டு பசியைக் கிளப்புகிறது. சோர்வு ஆளைப் படுக்கையில் கிடத்துகிறது. இவற்றால் கூடும் எடையில் தசை இருப்பதில்லை. தசை கரைந்து அதன் இடத்தைக் கொழுப்பு பிடிக்கிறது. எடை மெஷின் 60 கிலோ என்று காட்டும்போது, அந்த 60 கிலோ சிகிச்சைக்கு முன்பிருந்த 60 கிலோவைப் போன்றதன்று. நாலு பேர் ‘தேறிட்டா’ என்று சொல்லும் பெண்ணுக்கு ஒரு குடம் தண்ணீரைத் தூக்கும் பலம்கூட இல்லாமலிருப்பது இதனால்தான்.

இந்திய உடல்வாகு இதை மேலும் மறைத்துவிடுகிறது. ஐரோப்பியருக்கு வகுத்த அளவுகோலில் உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீட்டெண் 25-ஐத் தாண்டினால் மிகை எடை, 30-ஐத் தாண்டினால் பருமன். நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்துவிடுவதால், இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009-இல் அந்த எல்லைகளை 23 என்றும் 25 என்றும் குறைத்து வகுத்தார்கள். ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த, 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் 52 கிலோவிலேயே முதல் எல்லையைத் தொடுகிறார்; 56 கிலோவைச் சற்றுத் தாண்டினால் இரண்டாவதையும் கடந்துவிடுகிறார். 58 கிலோ எடையுள்ள பெண்ணை நம் தெருவில் யாரும் பருமன் என்று சொல்ல மாட்டார்கள், மருத்துவரின் கண்ணுக்கும் அப்படித் தெரியாது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 25-ஐத் தாண்டியவர்கள் 2015–16-இல் சுமார் 31 விழுக்காடு, 2019–21-இல் சுமார் 40 விழுக்காடு. பத்துக்கு நான்கு பெண்கள் அப்படி இருக்கும் ஊரில் அது கண்ணுக்குப் பழகிப்போன உடம்பு. கண்ணை நம்பாமல் அளக்க எளிய வழி ஒன்று உண்டு. உச்சந்தலை முதல் பாதம் வரை ஒரு கயிற்றை அளந்து வெட்டி, இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றிக் கட்டிப் பார்க்க வேண்டும். இரு முனையும் தொடவில்லை என்றால் வயிற்றுக் கொழுப்பு உயரத்துக்கு மிஞ்சிவிட்டது. பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்பது இந்தியர்களுக்கு வகுத்த இடுப்பளவு எல்லை.

அப்படியானால் எடையைக் குறைத்தால் புற்றுநோய் திரும்பி வராதா? இந்தக் கேள்விதான் மருத்துவர்களின் தயக்கத்தின் மையம், அதற்கான விடை இன்னும் முழுமையாகக் கையில் இல்லை. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களின் உணவை மாற்றிப் பார்த்த இரண்டு பெரிய அமெரிக்க ஆய்வுகள் இரண்டு விதமாக முடிந்தன. 2006-இல் வெளியான முதல் ஆய்வில் 2,437 பெண்கள் பங்கேற்றார்கள். கொழுப்பைக் குறைத்து உண்டவர்களுக்கு எடையும் சற்றே குறைந்தது, நோய் திரும்புவதும் குறைந்தது. அடுத்த ஆண்டு வெளியான இரண்டாவது ஆய்வில் 3,088 பெண்கள். காய்கறியும் பழமும் ஏராளமாகச் சேர்த்துக்கொண்டார்கள், எடை குறையவில்லை, நோய் திரும்புவதிலும் மாற்றமில்லை. எடைதான் வேறுபாட்டுக்குக் காரணமா என்பதை நேரடியாகச் சோதிக்கவே, 3,000-க்கும் மேற்பட்ட பெண்களுடன் 2016-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் வேறொரு ஆய்வு தொடங்கப்பட்டது. குறுக்குவழி ஏதேனும் உண்டா என்றும் பார்த்துவிட்டார்கள்: சர்க்கரை நோயில்லாத 3,649 மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு, சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையைக் கொடுத்துச் சோதித்த ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது, பலன் இல்லை. இதற்கிடையில் சிறுநீரகம் போன்ற சில புற்றுநோய்களில் சற்றே பருத்தவர்கள் கூடுதல் காலம் வாழ்வதாகக் காட்டும் கணக்குகளும் வந்தன. நோயே ஆளை இளைக்கச் செய்வதாலும், குறியீட்டெண்ணால் தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்ட முடியாததாலும் அப்படித் தோன்றலாம் என்பது பலர் தரும் விளக்கம். ஆனாலும் இதைப் படித்த மருத்துவர் நோயாளியிடம் ‘எடையைக் குறைங்க’ என்று சொல்ல ஒரு கணம் யோசிப்பார், அதில் தவறில்லை.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை அந்தத் தயக்கத்துக்கு இனி இடம் குறைவு. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை இரு குழுவாகப் பிரித்து, முக்கியமாகக் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடத்திய சோதனையின் முடிவு 2025-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு நலவாழ்வுக் கையேடு மட்டும் தரப்பட்டது. மற்றதற்கு மூன்று ஆண்டுகள் பயிற்சியாளரின் துணையோடு உடற்பயிற்சி. ஐந்து ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் கையேட்டுக் குழுவில் 73.9 விழுக்காடு, பயிற்சிக் குழுவில் 80.3 விழுக்காடு. எட்டு ஆண்டுகளில் உயிரோடு இருந்தவர்கள் முறையே 83.2, 90.3 விழுக்காடு. ஒரு மருந்து இந்த எண்களைக் காட்டியிருந்தால் அது எவ்வளவு விலையானாலும் சீட்டில் எழுதப்பட்டிருக்கும். கேட்கப்பட்ட பயிற்சியோ, வாரத்தில் மூன்று நான்கு நாள் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை விறுவிறுப்பாக நடப்பதற்கு ஈடானது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பயிற்சிக் குழுவினரின் உடல் எடையில் பெரிய மாற்றம் நிகழ்ந்து இந்தப் பலன் வந்துவிடவில்லை.

இனி மருத்துவர்களின் பக்கம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் புற்றுநோய் மருத்துவர்களையும் செவிலியர்களையும் கேட்டறிந்த ஆய்வுகள் பல உண்டு. 2019-இல் வெளியான அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒன்றில் 971 பேர் பதில் சொன்னார்கள். எடையும் உணவும் உடற்பயிற்சியும் நோயாளியின் எதிர்காலத்தைப் பாதிக்கின்றன என்பதைப் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள், தாங்கள்தான் அதைப் பேச வேண்டும் என்பதையும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நோயாளியை உரிய இடத்துக்கு அனுப்பிவைக்கும் கட்டத்துக்கு வரும்போது எண்ணிக்கை சுருங்கியது. நேரமில்லை, போதிய பயிற்சி இல்லை, அனுப்ப ஆளில்லை, சான்று உறுதியாக இல்லை, இவ்வளவு பட்டவரை இன்னும் நோகடிக்க வேண்டுமா, மருத்துவர்–நோயாளி உறவு கெட்டுவிடுமோ என்ற காரணங்கள் நாடு மாறினாலும் மாறாமல் திரும்பத் திரும்ப வருகின்றன. தாமே பருமனாக இருக்கும் மருத்துவர்களுக்கு இதைப் பேசக் கூச்சம் இருப்பதும் பதிவாகியிருக்கிறது.

இந்தக் காரணங்கள் மதுரைக்கு வரும்போது கூடுதல் கனம் பெறுகின்றன. நோகடிக்கும் அச்சத்தையே எடுத்துக்கொள்வோம். நம் நோயாளிகளில் பெரும்பாலோர் நோய் தெரிந்த நாளில் கேட்பது, “நான் யாருக்கு என்ன பாவம் பண்ணேன், எனக்கு ஏன் இது வந்துச்சு?” என்ற கேள்வி. அந்தக் கேள்விக்கு, நீங்கள் ஒன்றும் செய்யவில்லை அம்மா, இது யாருக்கும் வரலாம் என்று ஆறுதல் சொல்லித்தான் மருத்துவர் அவரைச் சிகிச்சைக்குச் சம்மதிக்க வைக்கிறார். இரண்டு ஆண்டு கழித்து அதே மருத்துவர், உடம்பைக் குறைக்காவிட்டால் நோய் திரும்ப வரலாம் என்று வாய் திறந்தால், முன்பு ஆறுதலாகச் சொன்னது பொய்யாகிறது. நோயாளியின் காதில் ‘உன் சாப்பாடுதான் உன் பாவம்’ என்று விழுகிறது. இந்தப் பொறியில் சிக்காமல் பேச முடியும், ஏனெனில் ஏன் வந்தது என்பதும் இனி என்ன செய்யலாம் என்பதும் தனித்தனிக் கேள்விகள். ஆனால் அப்படிப் பிரித்துப் பேசுவதற்குப் பயிற்சி வேண்டும். மருத்துவப் படிப்பில் அதற்கென்று ஒதுக்கப்படும் நேரம் மிகச் சொற்பம்.

இன்னொன்று, இங்கே எல்லா நோயாளிக்கும் தனக்கு வந்தது என்னவென்று சொல்லப்பட்டிருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. “அவங்ககிட்ட சொல்லிராதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க” என்று மகனோ தம்பியோ முன்கூட்டியே வந்து கேட்டுக்கொள்வது இந்த வட்டாரத்தில் அன்றாடம் நடப்பது. கட்டி இருந்தது, எடுத்துவிட்டோம், கரண்ட் வைத்துக் காயவைத்துவிட்டோம் என்ற அளவில் நம்பவைக்கப்பட்ட பெண்ணிடம், நோய் திரும்பாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று எப்படிப் பேசுவது? அவரைப் பொறுத்தவரை திரும்புவதற்கு ஒன்றும் இல்லை. அன்பினால் மறைத்த குடும்பம், மீண்டபின் கிடைக்க வேண்டிய அறிவுரையின் வாசலையும் அறியாமல் அடைத்துவிடுகிறது. இதில் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சித்தியிடம் பெயரைச் சொல்ல நாங்களும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டோம்.

யார் சொல்வது என்பது அடுத்த சிக்கல். தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று சுற்றியுள்ள மாவட்டங்களெல்லாம் பெரிய சிகிச்சைக்கு மதுரைக்குத்தான் வருகின்றன. விடியற்காலைப் பேருந்தில் ஏறி வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து முடிக்க வேண்டிய மருத்துவருக்கு ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்த ஐந்து நிமிடத்தில் கட்டி திரும்பியிருக்கிறதா, மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்பதைப் பார்ப்பதே முறை. அறுவை மருத்துவர், ஊசி மருத்துவர், கரண்ட் மருத்துவர் என்று மூவர் கைமாறும் நோயாளியிடம், எடையைப் பற்றி மற்றவர் பேசியிருப்பார் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்வது இயல்பு. ஊருக்குத் திரும்பி, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பார்க்கும் கிளினிக் மருத்துவரிடம் கேட்டால், “அதை உங்க கேன்சர் டாக்டர்கிட்டயே கேட்டுக்குங்க” என்பார். அவருடைய அச்சமும் புரிந்துகொள்ளக் கூடியதே. தொட்டால் தன் தலையில் விழும் என்று தோன்றும் நோய் இது.

மௌனத்துக்கு இவ்வளவு நியாயம் இருந்தாலும், மருத்துவர் விட்ட இடம் காலியாக இருப்பதில்லை. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் பேரீச்சையுமாக வருகிறார்கள். வெல்லம் போட்ட சத்துமாவுக் கஞ்சி காலையில், முட்டையும் பாலும் பத்து மணிக்கு, மதியம் குவித்த சோறு, சாயங்காலம் டீயோடு பஜ்ஜி, இரவு ஆட்டுக்கால் சூப்பு என்று கீமோ நாட்களில் உயிர்காத்த அட்டவணை, எழுந்து நடமாடிய பிறகும் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. அதோடு, “நீ ஒரு வேலையும் பார்க்க வேண்டாம், உட்காரு” என்ற அன்பு. அரிசியில் தொடங்கி அரிசியில் முடியும் தட்டும், கட்டிலிலிருந்து நாற்காலி வரைக்குமான நடையும் சேர்ந்தால் உடம்பு எந்தப் பக்கம் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மார்பக அறுவை செய்தவர்களுக்கு மருத்துவமனையே தந்த ஓர் அறிவுரையும் இதில் பங்காற்றியிருக்கிறது. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தபின் கை வீங்கும் என்பதால், ‘அந்தக் கையால கனமா எதையும் தூக்கிராதீங்க’ என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டுவந்தது. இன்னும் பல இடங்களில் சொல்லப்படுகிறது. நிதானமாகக் கூட்டிக்கொண்டு போகும் எடைப்பயிற்சியால் கைவீக்கம் மோசமாவதில்லை, வீக்கம் திடீரென்று கூடும் தொல்லை குறையவே செய்கிறது என்று 141 பெண்களைக் கொண்ட சோதனை 2009-இலேயே காட்டியது. உடம்பு பருப்பதுதான் கைவீக்கத்துக்கு வழிவகுக்கும் காரணங்களில் ஒன்று. வீக்கத்தைத் தடுக்கச் சொன்ன சொல் பெண்ணை உட்காரவைத்து, உட்கார்ந்ததால் எடை கூடி, கூடிய எடை வீக்கத்துக்கே உதவியிருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் விடியலில் மல்லிகை பறித்துக்கொண்டிருந்த பெண் அறுவைக்குப் பின் வீட்டுத் திண்ணையில் பூக்கட்டும் வேலைக்கு மாறுவதைக் குடும்பம் ஓய்வு என்று எண்ணுகிறது. அவருடைய தசைக்கு அது இழப்பு.

மருத்துவர்களின் அச்சம் எந்த அளவுக்கு உண்மையானது என்பதைச் சோதித்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. இங்கிலாந்தின் பொது மருத்துவர்கள், வேறு ஏதோ நோய்க்காக வந்த 1,882 பருமனானவர்களிடம் ஆலோசனையின் முடிவில் 30 நொடி மட்டும் எடையைப் பற்றிப் பேசினார்கள். ஒரு பாதிப் பேரிடம் குறைத்தால் நல்லது என்று மட்டும் சொன்னார்கள்; மறுபாதியை 12 வார எடைக்குறைப்பு வகுப்புக்கு அங்கேயே பதிவு செய்து அனுப்பினார்கள். ஓராண்டு கழித்து முதல் குழுவில் சராசரியாக ஒரு கிலோ குறைந்திருந்தது, இரண்டாவது குழுவில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. 2016-இல் வெளியான அந்த ஆய்வில், மருத்துவர் பேசியது பொருந்தாதது, பயனற்றது என்று சொன்னவர்கள் நான்கே பேர். அவர்கள் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் அல்லர், நம் ஊர்க்காரர்களும் அல்லர் என்பதை மறக்கக் கூடாது. புற்றுநோயாளிகளைப் பற்றியே கேட்டால், புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்ட 450 பெண்களிடம் கனடாவில் நடத்திய சோதனை 2004-இலேயே வந்துவிட்டது: உடற்பயிற்சி செய்யுங்கள் என்று புற்றுநோய் மருத்துவர் தம் வாயால் சொன்ன பெண்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் செய்தார்கள். மருத்துவர் நினைப்பதைவிட அவருடைய ஒரு வாக்கியத்துக்கு மதிப்பு அதிகம். நம் ஊரில் அந்த மதிப்பு இன்னும் கூடுதலாக இருக்கும் என்றே நினைக்கிறேன். டாக்டர் சொன்னார் என்பது இங்கே வீட்டில் எந்த வழக்கையும் முடித்துவைக்கும் தீர்ப்பு.

ஆனால் எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லக் கூடாது. வெற்றிலை, புகையிலைப் பழக்கம் ஊன்றிய நம் பக்கத்தில் வாய்ப்புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்துக்கொண்டவர்கள் பலர். எச்சில் வற்றி, விழுங்கச் சிரமப்பட்டு, ஆண்டுகள் கழித்தும் எடையைத் தக்கவைக்கப் போராடுபவர்கள் அவர்கள். இரைப்பையை வெட்டி எடுத்தவர்களும் அப்படித்தான். காரணமின்றி எடை குறைந்தால் யாராயிருந்தாலும் உடனே மருத்துவரிடம் வர வேண்டும். மறுபுறம், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களின் உயிரை நீண்ட காலத்தில் அதிகம் பறிப்பது இதயநோய். அவர்களிடம் எடையைப் பேசாமல் இருப்பது புற்றுநோயிலிருந்து காப்பாற்றி மாரடைப்பிடம் விட்டுவிடுவதற்குச் சமம். 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த வாரம் ஒரு முறை போடும் எடைக்குறைப்பு ஊசிகளைப் பற்றி இப்போது வசதியுள்ள வீடுகளில் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கொழுப்போடு தசையையும் கரைக்கக் கூடியவை அவை. ஏற்கெனவே தசை இழந்தவர் தாமாகத் தொடங்கக் கூடாத மருந்து.

அனுப்புவதற்கு இடமில்லை என்ற காரணத்தைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கருதுகிறேன். கொழுப்பைக் குறைத்த உணவு ஆய்வின் 2,437 பேரும், பெருங்குடல் ஆய்வின் 889 பேரும், இங்கிலாந்து ஆய்வின் 1,882 பேரும் காட்டுவது ஒன்றே: கையேடும் அறிவுரையும் ஓரளவுக்கு உதவும், கூடவே வந்து கேட்கும் ஓர் ஆள் இருந்தால் பலன் வேறு. மதுரையில் மேல்நாட்டுப் பாணி வகுப்புகள் இல்லாவிட்டாலும் ஆட்கள் இல்லாமலில்லை. பெரிய மருத்துவமனைகளில் உணவியல் நிபுணரும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். மீண்டவரின் ரிவியூச் சீட்டில் அவர்களுடைய பெயர் எழுதப்படுவதுதான் அரிது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர், அந்த வீட்டில் புற்றுநோயிலிருந்து மீண்டவர் இருந்தால் ஒரு டேப்பால் இடுப்பை அளந்து எழுதிக்கொள்ளலாம், நடந்தீங்களாக்கா என்று கேட்கலாம். 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற பெயரில் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகளை மாவட்டந்தோறும் அரசு அறிவித்தது. அவ்வளவு தூரம்கூட வேண்டாம். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர், மூன்று சுற்று விறுவிறுப்பாக நடந்தால் முக்கால் மணி நேரம், அந்தப் பெருங்குடல் ஆய்வில் கேட்ட ஒரு நாள் கணக்கு முடிந்துவிடும். முடி உதிர்ந்த தலையோடும் ஒருபக்கம் தட்டையான மார்போடும் வெளியே வரக் கூசும் பெண்ணுக்கு, விடியலில் துணைக்கு ஒரு தங்கையோ மருமகளோ கூட வர வேண்டும் என்பதையும் மருத்துவர் அந்தத் துணையிடமே சொல்லிவிட வேண்டும்.

தட்டைப் பொறுத்தவரை புதிதாக வாங்கிச் சேர்க்க எதுவும் இல்லை. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கூட்டும் பொரியலும் கீரையும். பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். தசைக்காகப் பருப்பு, முட்டை, மீன், மோர். பத்தியம் என்ற சொல்லை மருத்துவர்கள் அஞ்ச வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நோயாளியே ‘என்ன பத்தியம்’ என்று கேட்டு வாசலைத் திறந்துவைக்கும் ஊர் இது. மேல்நாட்டு மருத்துவர்கள் பேச்சை எப்படித் தொடங்குவது என்று திணறும் இடத்தில், நம் மருத்துவருக்குக் கேள்வி தானாக வந்து சேர்கிறது. சிகிச்சை நாட்களில் அதற்கு ஒரு பதிலும், சிகிச்சை முடிந்து ஓராண்டில் இன்னொரு பதிலும் இருந்தால் போதும்.

சென்ற ரிவியூவில் சித்தி அந்தக் கேள்வியை மாற்றிக் கேட்டார். “டாக்டர், நான் எவ்வளவு எடை இருக்கலாம்?” மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார், செவிலியரிடம் டேப்பால் இடுப்பை அளக்கச் சொன்னார். 94 சென்டிமீட்டர். நான்காண்டு ஃபைலில் இடுப்பளவு என்று ஒரு எண் ஏறியது அன்றுதான். “இதைக் கொறச்சா அது திரும்ப வராதா, டாக்டர்?” என்று சித்தி கேட்டார். “அதை நான் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. சுகர் குறையும், முட்டி வலி குறையும், உங்களுக்குப் பலம் வரும். தினம் நடங்க, அந்தக் கையாலயும் கொஞ்சங் கொஞ்சமாத் தூக்கிப் பழகுங்க, எப்படின்னு பிசியோதெரபி ரூம்ல காட்டுவாங்க. அடுத்த தடவை வரும்போது திரும்ப அளப்போம்” என்று சொல்லிவிட்டு, சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே அதையும் எழுதினார். முழுவதும் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகியிருக்கலாம்.